பொட்டு வைக்காத கட்டு

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குப் பிறகு என் கை எழுதியதெல்லாம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் மளிகைச் சீட்டும்தான். ஒன்றைச் சொல்லிக்கொண்டு போகும்போது இன்னொன்று குறுக்கே வந்து நிற்கும். நாள் கிழமை சரியாக நினைவில் இருக்காது. இத்தனையையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போகும் என்று சொல்லிவிட்டேன்.

நானாக எழுத உட்காரவில்லை. நான் இருபத்தாறு வருடம் கூட்டிப் பெருக்கிய பள்ளிக்கூடத்தில் இந்த வருடம் ஆண்டு மலர் போடுகிறார்கள். இப்போது அங்கே ஆங்கிலம் எடுக்கும் வனிதா டீச்சர் வீடு தேடி வந்துவிட்டார்.

“அக்கா, பத்தாவது பிள்ளைகளுக்குப் பாடத்துல ‘த்ரோ அவே’, ‘புட் அவே’, ‘க்ளியர் அவுட்’னு வருது. ஜெபமணி டீச்சர் இருந்தப்ப உங்களை வச்சுத்தான் இதை நடத்துவாகளாமே. அதை ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க.”

“நான் என்னத்த எழுத, போங்க டீச்சர்” என்று அடுப்படிக்குள் போய்விட்டேன். அவர் போகவில்லை. நான் காப்பி போட்டு எடுத்து வரும்போது பேனாவையும் கோடு போட்ட தாளையும் வெளியே எடுத்து வைத்திருந்தார். நான் சொல்லச் சொல்லத் தானே எழுதிக்கொள்வதாகச் சொன்னார். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. எதிரே ஆள் இருந்தால் எனக்குப் பேச்சு வராது. தாள் என்றால் என் முகத்தைப் பார்க்காது. தாளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

வேலையில் சேர்ந்தபோது எனக்கு யாரும் பயிற்சி தரவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் சாவிக்கொத்தைக் கொடுத்து, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று காட்டிவிட்டு, மதிய பஸ்ஸில் ஏறிவிட்டார். மிச்சத்தைத் தூசி சொல்லிக்கொடுத்தது. பள்ளிக்கூடம் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில், கரிசல் காட்டை ஒட்டி இருக்கிறது. ஆடிக் காற்றில் காலை எட்டு மணிக்குக் கூட்டிய வகுப்பு பத்து மணிக்குக் கூட்டாத வகுப்பாகிவிடும். தண்ணீர் தெளித்துத்தான் கூட்ட வேண்டும். கூடுதலாகத் தெளித்தால் கரிசல் சேறாகி பெஞ்சுக் காலில் அப்பிக்கொள்ளும். குறைத்துத் தெளித்தால் முதல் பீரியடு முழுக்கத் தும்மல். கையை எந்த அளவு உதற வேண்டும் என்று பிடிபட எனக்கு ஒரு வருடம் ஆனது. சுற்றுச் சுவர் இல்லாத பக்கத்தில் கருவேல முள்ளை வெட்டி அடைத்திருந்தோம். ஆடுகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ராத்தங்கலுக்கு வராந்தாவுக்கு வந்துவிடும். காலையில் என் முதல் வேலை அவற்றை எழுப்பி அனுப்புவதுதான்.

ஜெபமணி டீச்சர் தலைமையாசிரியையாக வந்தபோது நான் சேர்ந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். வேதக்காரக் குடும்பம், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார். மெலிந்த உடம்பு, வெளிர் நிறச் சேலை. கோபம் வந்தால் அவர் குரல் ஏறாது, இறங்கும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாரென்றால், எதிரே நிற்பவர் தன் தப்பைத் தானே தேட ஆரம்பித்துவிடுவார். துடைத்து மாட்டுவதற்குள் பெரும்பாலும் கண்டுபிடித்தும் விடுவார். யாரையும் இன்னொருவர் முன்னால் வைத்து ஒரு வார்த்தை கேட்கமாட்டார். எனக்கான வேலைகளை, வந்த தபால் உறையைப் பிரித்து அதன் உள்பக்கம் எழுதிக் கொடுப்பார். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்று தெரிந்து எழுத்தைப் பெரிதாகப் போடுவார். முடித்த வேலைக்கு நேரே நான் ஒரு கோடு போட வேண்டும். சாயங்காலம் அந்த உறையை வாங்கிப் பார்த்து, “நன்றி அக்கா” என்பார். தலைமையாசிரியை நன்றி சொன்னால் என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியாது. வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் கருப்பையா சார். வாய் ஓயாத மனிதர். நாற்காலி, மேசை, பதிவேடு எல்லாவற்றுக்கும் கணக்கு அவரிடம்தான். அரசுப் பள்ளியில் ஒரு சாமானைத் தூக்கிப் போடுவது லேசான காரியம் இல்லை. கழிவுப் பட்டியல் எழுதி, மேலே அனுப்பி, உத்தரவு வர வேண்டும். இரண்டு கால் போன நாற்காலி ஒன்று உத்தரவு வராமல் சுவரில் சாய்ந்து ஆறு வருடம் நின்றது. அதையும் தினமும் துடைத்தேன்.

“ஏத்தா ராக்கு, நமக்குக்கூட ரிட்டயர்மெண்டு வந்துரும். அதுக்கு வராது” என்பார் கருப்பையா சார்.

பழைய விடைத்தாள்களுக்கு மட்டும் உள்ளூர் ஏற்பாடு. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும் சார் பட்டியல் எழுதுவார், டீச்சர் கையெழுத்துப் போடுவார், நான் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போடுவேன். அதில் ஒரு சங்கதி நடந்தது. பஸ் நிறுத்தத்து டீக்கடையில் ஒரு நாள் வடை மடித்துக் கொடுத்த தாள், எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் கணக்கு விடைத்தாள். பெயர், வகுப்பு, சிவப்பு மையில் மதிப்பெண், எல்லாம் எண்ணெயில் பளபளவென்று தெரிந்திருக்கிறது. வாங்கித் தின்றவன் அவன் வகுப்புக்காரனே. அந்தப் பையன் மூன்று நாள் பள்ளிக்கூடம் வரவில்லை.

டீச்சர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார். அன்றிலிருந்து ஒரு புது வழக்கம் வந்தது. விடைத்தாள் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு தாளிலும் பெயர் இருக்கும் முதல் பக்கத்தை நான் கிழிக்க வேண்டும். கிழித்த பக்கங்களை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுக் கூழாக்கி, வேப்ப மரத்துக் குழியில் கொட்ட வேண்டும். மிச்சம்தான் பேப்பர்காரருக்கு.

“பேரு இல்லாத பேப்பர்ல வடை ருசிக்காதே டீச்சர்” என்றார் கருப்பையா சார்.

“உங்க பேரை வேணா எழுதிக் குடுங்க சார், ருசிக்குதான்னு பாப்போம்” என்றார் டீச்சர். சிரிக்காமல்தான் சொன்னார். சார்தான் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இனி பாடத்துக்கு வருகிறேன். டீச்சர் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலமும் எடுத்தார். ஒரு நாள் நான் வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, ஒரு நிமிஷம் உள்ள வாங்க. விளக்குமாத்தோட வாங்க.”

உள்ளே அறுபது கண். முந்தானையை வாய் வரைக்கும் இழுத்துக்கொண்டு கரும்பலகை ஓரமாக நின்றேன்.

“நீங்க ஒண்ணும் பேச வேணாம். உங்க வேலையைப் பாருங்க, போதும்” என்றார். நான் மூலைக் குப்பையைக் கூட்டிச் சேர்த்தேன். ‘ஸ்வீப் அப்’ என்று பலகையில் எழுதினார். பெஞ்சுகளை நேராக இழுத்துப் போட்டேன். ‘டைடி அப்’. மேசை இழுப்பறையில் இருந்ததை எல்லாம் வெளியே எடுத்து வைத்தேன். ‘க்ளியர் அவுட்’. அதில் நல்லதையும் ஆகாததையும் பிரித்தேன். ‘சார்ட் அவுட்’. நல்ல சுண்ணக்கட்டியைப் பெட்டியில் போட்டு அலமாரியில் வைத்தேன். ‘புட் அவே’. உடைந்த அடிக்குச்சியை வாசல் கூடையில் போட்டேன். ‘த்ரோ அவே’.

“வித்தியாசம் தெரியுதா? புட் அவேன்னா திரும்ப எடுக்கப் போறோம்னு மனசுல வச்சு எடுத்து வைக்கிறது. அக்கா கையைப் பாருங்க, அலமாரில வைக்கிறப்ப ஒரு மாதிரி வைக்காங்க, கூடையில போடுறப்ப ஒரு மாதிரி போடுறாங்க.”

என் கையை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எதை எடுத்தாலும் கை எனக்கே வெட்கமாக இருந்தது.

கடைசி பெஞ்சில் சித்ரா என்று ஒரு பெண். அவளுக்கும் கருப்பையா சாருக்கும் வாய் ஒரே அச்சு. எழுந்து நின்றாள்.

“டீச்சர், எங்க அம்மா எங்க சித்தப்பாவ ‘ஒரு வழியாக் கழட்டி விட்டாச்சு’ங்குது. அது எதுல சேரும்?”

வகுப்பே குலுங்கியது. டீச்சர் பலகைப் பக்கம் திரும்பி ‘கெட் ரிட் ஆஃப்’ என்று எழுதினார். எழுதி முடித்து வெகுநேரம் கழித்துத்தான் இந்தப் பக்கம் திரும்பினார்.

அது வருடா வருடம் நடக்கும் பாடமாகிவிட்டது. பிள்ளைகள் ரோட்டில் என்னைக் கண்டால், “புட் அவே அக்கா, வணக்கம்” என்பார்கள். எனக்குக் கோபம் இல்லை. என் பெயர் ராக்கம்மாள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்.

இந்தப் பாடமெல்லாம் வருடக்கணக்காகக் காதில் விழுந்தும், எடுத்து வைக்க வேண்டியதை நான் தூக்கிப் போட்டது ஒன்று உண்டு. வனிதா டீச்சர் கேட்காவிட்டாலும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் பள்ளியில் அலுவலகத்தை ஒழித்துக் கழுவுவோம். கருப்பையா சார் சந்தனத்தைக் கரைத்து, குங்குமத்தை வெற்றிலையில் வைத்து என் கையில் கொடுப்பார். அலமாரி, மணி, பதிவேட்டுக் கட்டுகள், கம்ப்யூட்டர், விளக்குமாறு வரை பொட்டு வைக்க வேண்டும். கழிக்கப்போகிற கட்டுகளுக்கு மட்டும் வைக்கக் கூடாது.

“பொட்டு வச்ச சாமானை எப்படித்தா வெளிய எறியிறது? போறதுக்கு வைக்காத, இருக்கிறதுக்கு வை. அப்புறம் எனக்கும் சோலி மிச்சம். பேப்பர்காரன் வந்தா பொட்டு இல்லாததை எடுத்துக் குடுத்துரு.”

இது பட்டியலில் இல்லாத முறை. ஆனால் பட்டியலைவிடச் சுலபமாக இருந்தது. நான் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஒரு தப்பும் வந்ததில்லை.

ஜெபமணி டீச்சர் பூஜையை வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பொரி கடலை கொடுத்தால் வாங்கிக்கொள்வார். பூஜை நடக்கும்போது வகுப்புப் பக்கம் ஏதாவது வேலையாகப் போய்விடுவார். நானாக ஒன்று முடிவு செய்து வைத்திருந்தேன். டீச்சரின் மேசைக்கும் நாற்காலிக்கும் பொட்டு வைக்கமாட்டேன். அவர் நெற்றியில் வைக்காத ஒன்றை அவர் சாமானில் நான் எப்படி வைப்பது. இதை யாரிடமும் சொன்னதும் இல்லை, கேட்டதும் இல்லை.

அந்த வருடம் டீச்சர் அறை இரும்பு அலமாரிக்கு வண்ணம் அடித்தார்கள். உள்ளே இருந்ததெல்லாம் அலுவலகத்துப் பெஞ்சுக்கு வந்தது. அதில் வெள்ளைத் துணியில் கட்டிய கட்டு ஒன்று. டீச்சர் தன் கையால் முடிச்சுப் போட்டது. பத்தாம் வகுப்பு முடித்துப் போன பிள்ளைகளில் வந்து வாங்கிக்கொள்ளாதவர்களின் அசல் மதிப்பெண் சான்றிதழ்கள் அதற்குள் இருந்தன. எங்கள் பக்கம் பரீட்சை எழுதிய மறுநாளே விசைத்தறிக்குப் போகிற பிள்ளைகள் உண்டு. தேறியது தெரிந்தால் போதும் என்று இருந்துவிடுவார்கள். அந்தத் தாள்களை டீச்சர் ஒரு பதிவேட்டில் பெயர் எழுதி, யாராவது வரட்டும் என்று பத்திரமாக வைத்திருந்தார்.

பூஜைக்கு முந்தின நாள் அந்தப் பெஞ்சில் இருந்த மற்ற எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். மற்றதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பதிவேடுகள், அந்தக் கட்டு மட்டும் டீச்சர் கையால் கட்டியது. அதனால் வைக்கவில்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று கருப்பையா சார் லீவு. டீச்சர் அருப்புக்கோட்டையில் கூட்டத்துக்குப் போய்விட்டார். பதினோரு மணி வாக்கில் பேப்பர்காரர் மாடசாமி அண்ணன் மூன்று சக்கர வண்டியோடு வந்தார். விடைத்தாள்களின் முதல் பக்கத்தை எல்லாம் நான் முந்தின வாரமே கிழித்து முடித்து, மழைக்குப் பயந்து பழைய துணிகளில் கட்டி வைத்திருந்தேன். அதனால் ஒரு கட்டையும் அவிழ்த்துப் பார்க்கவில்லை. பொட்டு இல்லாத கட்டு நான்கு இருந்தது. நான்கையும் தூக்கிக் கொடுத்தேன். பொட்டு வைக்காமல் விட்டவளும் நான்தான், பொட்டு இல்லை என்று அள்ளிக் கொடுத்தவளும் நான்தான். நடுவில் நாலைந்து நாள் விடுமுறை. அதற்குள் என் மண்டையிலிருந்து அது கழன்றுவிட்டது.

மறுநாள் காலை சித்ரா வந்தாள். சித்தப்பாவைக் கழற்றிவிட்ட அதே சித்ரா. அப்போது அவள் பள்ளியை விட்டு ஆறேழு வருடம் இருக்கும். தறிப் பட்டறையில் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு, பஞ்சு ஒட்டிய தலையோடு வந்திருந்தாள். அங்கன்வாடி உதவியாளர் வேலைக்கு நேர்காணல் கடிதம் வந்திருந்தது.

“நாளைக்கு அசலைக் காட்டணுமாம் டீச்சர். என் மார்க் சீட்டு இங்கதான இருக்கு? நான் வாங்கவே இல்லையே.”

“இருக்கும்மா, பத்திரமா இருக்கு” என்று டீச்சர் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். புது வண்ண வாசனை மட்டும் வந்தது. “அக்கா, வெள்ளைத் துணிக் கட்டை எங்க எடுத்து வச்சீங்க?”

நான் வாசலில் வாளியோடு நின்றேன். கருப்பையா சார்தான் முதலில் புரிந்துகொண்டார். அவர் பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பேப்பர்காரர்கிட்டப் போட்டுட்டேன் டீச்சர்.”

என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது. டீச்சரின் கை கண்ணாடிக்குப் போனது. ஆனால் கழற்றவில்லை. ஏன் போட்டீர்கள் என்று கேட்கவும் இல்லை.

“எப்போ?”

“நேத்துப் பதினோரு மணிக்கு.”

“யார்கிட்ட?”

“மாடசாமி அண்ணன்கிட்ட. அருப்புக்கோட்டைல குடோன்.”

“மொத்தம் எத்தனை கட்டு?”

“நாலு.”

“சார், என் பீரியடுக்கு வேற டீச்சரை அனுப்பிருங்க. அந்தப் பதிவேட்டை எடுங்க. அக்கா, வாளியை வச்சுட்டு வாங்க. சித்ரா, நீயும் வா.”

பத்தே காலுக்கு வந்த பஸ்ஸில் மூன்று பேரும் ஏறினோம். சித்ரா ஜன்னலோரம் உட்கார்ந்து கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

குடோன் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம், தகரக் கொட்டகை. மாடசாமி அண்ணன் தராசுப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“என்னக்கா இது, போட்டதைத் திரும்பக் கேட்டு வந்த மொத ஆளு நீதான். நேத்துச் சாயங்காலமே ஒரு லோடு சிவகாசிக்குப் போயிருச்சே. தீபாவளி வருதுல்ல. வெடிக்குழாய் சுத்துறதுக்குப் பேப்பர் பத்தலைன்னு நிக்காக.”

சித்ரா அப்படியே ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். “அப்ப என் மார்க்கு தீபாவளிக்கு வெடிச்சுருமா டீச்சர்?”

எப்போதும் போலத்தான் கேட்டாள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கே உதடு கோணிக்கொண்டது.

டீச்சர் குடோனைச் சுற்றிப் பார்த்தார். தாள் மலை மலையாகக் கிடந்தது. எங்கே கை வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. ஆனால் எனக்கு அந்த இடம் புதிதாகத் தோன்றவில்லை. குப்பையைப் பிரிப்பவர் எங்கேயும் ஒரே மாதிரிதான் பிரிப்பார். பேப்பர் ஒரு பக்கம், நோட்டுத் தாள் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம். உள்ளே ஒரு அம்மா கால் நீட்டி உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார். தூசிக்குத் தலையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். துணியின் ஓரத்தில் நீலக் கரை. அது டீச்சருடைய பழைய ஜன்னல் திரை, அந்தக் கட்டைச் சுற்றியிருந்தது. வருடத்துக்கு இரண்டு தடவை நான் துவைத்த துணி.

அவர் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

“யக்கா, இந்தத் துணி எந்தக் கட்டுல இருந்துச்சு?”

“ஏன், உன்னுதா? நல்ல துணியாக் கெடந்துச்சு, கட்டிக்கிட்டேன். இந்தா, வேணும்னா எடுத்துக்க.”

“துணி உங்களுக்கே இருக்கட்டும்க்கா. அதுக்குள்ள இருந்த தாளுக?”

“அதுவா, நோட்டுத் தாள் மாதிரி இல்ல. வழவழன்னு கெட்டியா இருந்துச்சு. வெள்ளைத் தாளோட போட்டா அண்ணன் வையும். அட்டையோட தள்ளிட்டேன்.”

அட்டைக் குவியல் சிவகாசிக்குப் போகவில்லை. அது வாரத்துக்கு ஒருமுறை வேறு பக்கம் போகிற லோடு. மாடசாமி அண்ணன் எழுந்து வந்து கதவோரம் இருந்த மலையைக் காட்டினார். சோப்பு அட்டை, செருப்புப் பெட்டி, கல்யாணப் பத்திரிகை, காலண்டர் அட்டை. ஆளுயரம் இருந்தது.

டீச்சர் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு சாக்கில் உட்கார்ந்தார். பதிவேட்டைத் தொடையில் விரித்து வைத்தார். பதினான்கு பெயர். “மேல இருந்து வரிசையா எடுப்போம். பாத்ததை இந்தப் பக்கம் போடணும், மறுபடி கலக்கக் கூடாது” என்றார். அது நான் அலமாரி ஒழிக்கிற முறை. நான் எடுத்துக் கொடுக்க, சித்ரா உதறிப் பார்க்க, கிடைத்த தாளுக்கு டீச்சர் பென்சிலால் கோடு போட்டார். முதல் தாள் ஒரு செருப்புப் பெட்டிக்குள் இருந்தது. அதற்குப் பிறகு ஒரே இடத்தில் ஆறு. ஒவ்வொரு தாளையும் சித்ரா பெயர் பார்த்து டீச்சரிடம் நீட்டினாள். அந்த அம்மாவும் தன் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டார்.

சித்ராவின் தாள் பதினோராவதாக வந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகைக்கும் காலண்டர் அட்டைக்கும் நடுவில் சொருகியிருந்தது. மூலையில் சணல் அழுத்திய தடம். மற்றபடி சுத்தம்.

அவள் அதைப் படித்தாள். பின்னால் திருப்பிப் பார்த்தாள். “இங்கிலீசுல இவ்வளவு எடுத்திருக்கேனா டீச்சர்? எனக்கே தெரியாதே.”

“நான்தான் திருத்தலையே. திருத்தியிருந்தா இன்னும் கொறஞ்சிருக்கும்” என்றார் டீச்சர். “மடிக்காத. பதிவேட்டுக்குள்ள வச்சுக் கொண்டுவா.”

மதியம் ஒன்றரை மணி வரை தேடினோம். பதின்மூன்று கிடைத்தது. பதினான்காவது இல்லை. மலையை இரண்டாம் தடவையும் கலைத்துப் பார்த்தோம். கெட்டித் தாள் ஒன்று தப்பி வெள்ளைத் தாளோடு சிவகாசிக்குப் போயிருக்கலாம் என்று அந்த அம்மா சொன்னார். அந்தப் பெயருக்கு நேரே டீச்சர் கோடு போடாமல் பென்சிலை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில்தான் என்னைக் கேட்டார். சித்ரா முன்னால் வேறு இருக்கையில் இருந்தாள். அதையும் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

“பொட்டு இல்லாததைத்தான் வெளிய போடுவீங்கன்னு கிளம்புறப்ப சார் சொன்னாரு. பெஞ்சுல இருந்த மத்ததுக்கெல்லாம் வச்சிருக்கீங்க. இதுக்கு மட்டும் ஏன் அக்கா வைக்கலை?”

“நீங்க வேதக்காரவுக. உங்க சாமான்ல நான் எப்படி டீச்சர் வைக்கிறது? உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு...”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். குடோன் தூசி இரண்டு கண்ணாடியிலும் படிந்திருந்தது. ரொம்ப நேரம் துடைத்தார்.

“இத்தனை வருஷமா வைக்கலையா?”

“உங்க மேசை, நாற்காலிக்கும் வைக்கலை டீச்சர்.”

“எனக்குத் தெரியவே இல்லையே” என்றார். பிறகு, “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் கட்டை வெளிய வச்சப்ப உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்றார். அப்போது நான் நிரந்தரமாகாத பகுதிநேர ஆள். இந்த ஒன்றுக்கே என்னை நிறுத்தியிருக்கலாம். நடந்ததை எழுதி மேலே அனுப்பும்போது, ‘கட்டினை அலுவலகத்தில் வைத்துவிட்டுச் சென்றது என் கவனக்குறைவு’ என்று டீச்சர் எழுதியதாகக் கருப்பையா சார் பிறகு சொன்னார். என் பெயர் அதில் எங்கேயும் இல்லையாம். அன்று மட்டும் அவர் என்னிடம் நையாண்டி பேசவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வருடப் பூஜைக்கு முந்தின நாள், சந்தனக் கிண்ணத்தோடு நான் டீச்சர் அறையைத் தாண்டிப் போனேன். கூப்பிட்டார். மேசை மேல் அந்தக் கட்டு புதுத் துணியில் இருந்தது.

“இதுக்கு ஒண்ணு வைங்க.”

நான் தயங்கி நின்றேன்.

“என் நெத்திக்குத்தான் வேணாம் அக்கா. கட்டுக்கு என்ன. நல்லாப் பெருசா வைங்க.”

வைத்தேன். அதற்குப் பிறகு கழிக்கிற கட்டுகளுக்குச் சீட்டு எழுதி ஒட்டுகிற வழக்கமும் வந்தது. அவிழ்த்துப் பார்க்காமல் நான் எதையும் வெளியே கொடுத்ததில்லை.

சித்ராவுக்கு அந்த வேலை கிடைத்தது. மல்லாங்கிணறு பக்கம் ஒரு அங்கன்வாடியில் இருக்கிறாள். பஸ்ஸில் பார்த்தால் அவளே எழுந்து எனக்கு இடம் கொடுப்பாள். “யக்கா, எங்க பிள்ளைக வெளாட்டுச் சாமானை எடுத்து வைக்கவே மாட்டேங்குதுக. ஒரு நாள் விளக்குமாத்தோட வந்து பாடம் நடத்திட்டுப் போ” என்பாள். சித்தப்பா திரும்பி வந்துவிட்டாராம். அதற்கு இங்கிலீசில் என்ன என்று டீச்சர் சொல்லித் தரவில்லையே என்று அவளுக்குக் குறை.

நான் எழுதச் சம்மதித்தது அந்தப் பதினான்காவது தாளுக்காகத்தான். பெயர் பாண்டிச்செல்வி. நரிக்குடிப் பக்கத்துப் பெண். வயல் வேலைக்குப் போகும் குடும்பம். விடுதியில் தங்கிப் படித்தாள். கையை மேலே தூக்கிப் பதில் சொல்லாத பிள்ளை. அந்த விஷயத்தில் என் ஜாதி. டீச்சர் அவள் தாளுக்கு நகல் கேட்டு எழுதினார். அதற்குப் போலீஸ் சான்று, விண்ணப்பம் என்று இரண்டு மூன்று தடவை விருதுநகர் போய் வந்தது எனக்குத் தெரியும். நகல் வருவதற்குள் அவர் மாறுதலாகிப் போனார். பிறகு வந்தவர்களிடம் அது வந்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் முழுக்கதையும் சொல்ல வேண்டுமே என்று இருந்துவிட்டேன். இருந்து இருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அப்போது படித்த பிள்ளைக்கு அப்படிக் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது.

வனிதா டீச்சர், இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் யாரையாவது வைத்துச் சரிபாருங்கள். இங்கிலீஷ் வார்த்தைகளை நான் காதால் கேட்டதை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். எந்த வருடம் என்பதையும் எந்தப் பஸ் என்பதையும் கருப்பையா சார் இருந்தால் சொல்வார். அதெல்லாம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. இன்னொன்றைத் தவறாமல் பாருங்கள். தலைமையாசிரியர் அறை இரும்பு அலமாரியில், இரண்டாம் தட்டில், நீள வாட்டத்தில் ஒரு பதிவேடு இருக்கும். அதில் பாண்டிச்செல்வி பெயருக்கு நேரே, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கட்டை அவிழ்த்துப் பாருங்கள், நகல் வந்து அதற்குள்ளேயே கிடக்கலாம். கிடந்தால் எனக்கு ஆள் சொல்லி அனுப்புங்கள். நரிக்குடிக்கு பஸ் இருக்கிறது. நானே போய் வீடு விசாரித்து அவள் கையில் கொடுத்துவிட்டு வருகிறேன்.